விரிசலின் மேல் ஒரு கண்ணாடி

தப்பு செய்ய எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சொல்வார்கள். அதெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கிறவர்களுக்கு. அரசாங்கக் கட்டட இலாகாவில் ஓர் ஆண் வரைந்த சுவர் சாய்ந்தால், "மண்ணு சரியில்ல, அவர் என்ன பண்ணுவார் பாவம்" என்று கதையை முடித்துவிடுவார்கள். அவள் வரைந்த சுவர் சாய்ந்தால் மண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்? "பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்" என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கட்டடக் கலை படித்துப் பட்டம் வாங்கி அந்த இலாகாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் அவள். பின்னால் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் ஒரு நாள்கூட நிம்மதியாக இருந்ததில்லை.

பிறக்கும்போதே பென்சிலும் கையுமாகப் பிறந்தாள் என்று யாராவது அளந்தால் நம்ப வேண்டாம். கட்டடக் கலை அவள் அண்ணனின் ஆசை. அவனுக்குத் துணையாக, சும்மா ஒரு பேச்சுக்கு, அவளும் நுழைவுத் தேர்வு எழுதினாள். அண்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை, அவளுக்குக் கிடைத்தது. அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. அண்ணன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே தன் வரைபலகையைத் துடைத்துக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். பிற்பாடு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குப் போய், "நீ கட்டு, இடிஞ்சா என்கிட்ட வா" என்று பார்க்கும்போதெல்லாம் கிண்டலடிப்பான். அவன் வேடிக்கையாகத்தான் சொல்வான். அவளுக்குச் சிரிப்பு வராது.

இலாகாவில் சேர்ந்ததும் அவளுக்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை போட்டார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடம். எதற்கெடுத்தாலும் ஸ்கேலை எடுத்து அளந்து பார்க்கும் பழக்கத்தால் பியூன்கள் அவளுக்கு 'ஸ்கேலம்மா' என்று பெயர் வைத்தார்கள். அது மெல்ல மாடியேறித் தலைமை அதிகாரி வரைக்கும் போனது. அந்த அதிகாரியை எல்லோரும் 'பெரிய சார்' என்பார்கள். கெட்டவர் இல்லை, வம்பு என்றால் காத தூரம் ஓடுகிறவர். அவளுக்கு அவர் கொடுத்ததெல்லாம் காம்பவுண்டு சுவர், சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, பொதுக் கழிப்பறை. ஊர்முழுக்க எத்தனையோ கழிப்பறைக்குப் படம் போட்டவளுக்கு அவள் வேலை பார்த்த கட்டடத்தில் ஒரு கழிப்பறை கிடையாது. இருந்ததெல்லாம் ஆண்களுக்கு. அவள் அடுத்த தெருவிலிருந்த ஆஸ்பத்திரிக்கு, யாரையோ நலம் விசாரிக்கப் போகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்வருவாள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

சுபாவத்திலேயே பயந்தவள் என்றும் சொல்லிவிடலாம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். காம்பவுண்டு சுவருக்குக்கூட மறுபடி மறுபடி கணக்குப் போடுவாள். இதற்கு நேர் எதிர் அவள் வீட்டுக்காரர். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம், அவர்கள் கேட்காமலே, "இந்தத் தெருக்கோடியில இருக்கிற சைக்கிள் கொட்டகை தெரியுதா? என் வீட்டம்மா போட்டது" என்பார். தெரியவில்லை என்று சொன்னவர்களுக்கு உடனே கண்ணாடி எழுதிவிடுவார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் கவலையோடு எதையாவது ஆரம்பித்தால் போதும், "நீ போட்ட கணக்கு தப்பாகுமா? போய்ப் படு" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அத்தனை வருஷமும் ஓட்டினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மூத்த அதிகாரி ஒருவர் அறுவை சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் போக, அவர் கையிலிருந்த வேலை வேறு வழியில்லாமல் அவளிடம் வந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் புதிய கட்டடம். அவள் மகளும் அந்தப் பள்ளியில்தான், பழைய தகரக் கொட்டகைகளில், வெயிலில் வெந்துகொண்டு படித்தாள்.

அவள் வரைந்த படத்தில் மாடி வகுப்பறைகளுக்கு முன்னால், கட்டடத்தின் நீளத்துக்கும் ஒரு பால்கனி இருந்தது. கீழே ஒரு தூண் கிடையாது. சுவரிலிருந்து அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலே பெண்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து காற்று வாங்கலாம். கீழே முற்றத்தில் தூண் இடைஞ்சல் இல்லாமல் ஓடி விளையாடலாம்.

"தூண் போட்டுடுங்களேம்மா. வம்பு எதுக்கு?" என்றார் பெரிய சார்.

"தூண் போட்டா முற்றம் பாதியாயிடும் சார். பிள்ளைங்க முட்டிக்கும்."

ஒற்றைக் காலில் நின்றாள். பொறியாளர் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் பெரிய சார், "உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அந்த நேரம் அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வீட்டுக்குப் போவதற்குள் அது பயமாக மாறிவிட்டது.

இப்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்கு ஒரு விஷயம் முக்கியம். உள்ளே வைக்கிற கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்க வேண்டும். அதுதான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். அது கீழே இறங்கிவிட்டால் இருந்தும் இல்லாத மாதிரிதான். கான்கிரீட் சட்டியைச் சுமந்துகொண்டு ஆட்கள் கம்பியின் மேலேயே நடந்தால் மிதிபட்டு அது இறங்கிவிடும். அதனால் நடப்பதற்கென்று பலகை போடச் சொல்லி, கான்கிரீட் போடுகிற அன்று காலையிலேயே போய் நின்றுகொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் நின்றவரை ஒருவன்கூடக் கம்பியில் கால் வைக்கவில்லை.

ஆனால் எவ்வளவு நேரம்தான் நிற்பது? வேலை நடந்த இடத்தில் ஆண்களெல்லாம் சுவருக்குப் பின்னால் போய்வந்தார்கள். அவளுக்கு ஒரு மறைப்புக் கட்டித் தரச்சொல்லி முன்பே கேட்டிருந்தாள். "ஒருத்தருக்காகவா?" என்று இலாகாவில் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உச்சிவெயில் வரை தாக்குப்பிடித்தாள். அதற்கு மேல் முடியவில்லை. பள்ளிக்குப் பின்தெருவில் தலைமை ஆசிரியையின் வீடு. பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர். மேஸ்திரியிடம், "பலகையை மட்டும் எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு அங்கே ஓடினாள்.

போன வேலை முடிந்ததும் வந்திருக்கலாம். பெரிய டீச்சர் டீ போட்டு வைத்திருந்தார். "எங்க பிள்ளைங்க உங்களைப் பத்தித்தான் பேசுதுங்க. ஸ்கேலம்மா மாதிரி ஆகணுமாம். ஒருத்தி பாக்கியில்லாம ஸ்கேல் வாங்கி வச்சிருக்காளுங்க" என்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. உட்கார்ந்து ஆற அமர டீயைக் குடித்தாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்வாரா என்று ஆசையாக இருந்தது.

திரும்பி வந்தபோது பலகைகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பால்கனியின் ஒரு மூலை முழுவதும் கான்கிரீட் போட்டு மட்டம் தட்டியாகிவிட்டது.

"பலகை இடைஞ்சலா இருந்துச்சும்மா" என்றார் மேஸ்திரி. "கம்பியெல்லாம் தூக்கிவிட்டுத்தான் போட்டோம். நீங்க கவலைப்படாதீங்க."

போட்ட கான்கிரீட்டை அள்ளி எடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை ஆட்களும் சட்டியோடு நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? போட்டதை அப்படியே விட்டுவிட்டாள். மீதி இடத்துக்குப் பலகையைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு நின்றாள்.

கான்கிரீட் இறுகி, முட்டுகளைப் பிரித்து, தரை பூசி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்தாள். அதே மூலையில், தரை சுவரைத் தொடும் இடத்தில், முடியளவு ஒரு விரிசல். வேறு யாராவது பார்த்திருந்தால் சிலந்தி நூல் என்று காலால் தேய்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அவளால் அப்படிப் போக முடியவில்லை.

பெரிய சாரிடம் ஓடினாள். பலகையை எடுத்துவிட்டதையும் சொன்னாள். தான் எங்கே இருந்தாள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள். மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்துப் பார்க்கலாம் என்றாள்.

"திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுத்தாச்சு. இப்ப போய் மூட்டையை ஏத்தினா பத்திரிகைக்காரன் சும்மா இருப்பானா?" என்றார் பெரிய சார். "பூச்சு காயறப்போ வெடிப்பு விடும்மா. எத்தனை பார்த்திருக்கேன்." அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, கண்ணாடி ஒட்டி வைங்க. உடைஞ்சா வந்து சொல்லுங்க, விழாவை நிறுத்தறேன். உடையலேன்னா இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

கட்டட வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் செய்கிறதுதான் அது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சாந்தில் பதித்துவிடுவார்கள். விரிசல் பழையதாக இருந்து சும்மா கிடந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்து விரிந்தால் கண்ணாடி படக்கென்று உடையும். கண்ணாடிக்கு அவள் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் கடையில் மெல்லிய துண்டுகளாக நாலைந்து அறுத்து, கூடவே வந்து சாந்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சாந்தை வைத்துக் கண்ணாடியைப் பொருத்தி, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினாள். சின்ன ரேகையோடு விரல் அடையாளம் அழுத்தமாகப் பதிந்தது.

"இதுக்குப் போய் இவ்வளவு பயமா?" என்று சிரித்தார் அவர். "நீ கட்டினது கல்லு மாதிரி நிக்கும்."

அதிலிருந்து அவளுக்கு வேறு சிந்தனையே இல்லை. ஆபீசுக்குப் போகும் முன் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, மாடியேறிக் குனிந்து கண்ணாடியைப் பார்ப்பாள். முழுசாக இருக்கும். படியிறங்குவதற்குள், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி ஏறுவாள். சாப்பாட்டுத் தட்டில் கை அளைந்துகொண்டே இருக்கும். குடும்பத்தோடு இருக்கும்போதும் அவள் மனசு அந்த மூலையில்தான் கிடந்தது.

இந்த லட்சணத்தில் மகள் ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தாள். மந்திரி ரிப்பன் வெட்டும்போது பாட்டுக் குழு மேலே பால்கனியில் நின்று பாடப்போகிறதாம். முதல் வரிசையில் அவளாம்.

"கீழ நின்னு பாடினா ஆகாதா?" என்றாள் அம்மா.

"போங்கம்மா! அது உங்க பால்கனி. அதுல நிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை."

கண்ணாடி உடையவில்லையே, என்ன காரணம் சொல்லி நிறுத்துவது? உடையாத கண்ணாடி நல்ல செய்திதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு மறுபடி ஒரு தடவை பார்க்கப் போனாள்.

விழா நெருங்கியபோது காய்ச்சலில் விழுந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. எழுந்தால் தலை சுற்றியது. "கண்ணாடியைப் பார்க்கணும்" என்று புலம்பியவளைப் படுக்க வைத்துவிட்டு, "நான் போய்ப் பார்த்துட்டு வரேன், நீ தூங்கு" என்று கிளம்பினார் வீட்டுக்காரர். போனவர் வரத் தாமதமானது. வந்ததும் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடி?"

"நல்லாத்தான் இருக்கு."

"உடையலியே?"

"இல்லம்மா. முழுசா இருக்கு."

அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். எழுந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. விழா நாளும் வந்துவிட்டது.

சேலையைச் சுற்றிக்கொண்டு, கால் தள்ளாட, எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கூடம் போனாள். வாசலில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். பால்கனித் தரைக்குச் சிவப்புச் சாயம் பூசிப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். விரிசல் அதற்கடியில் போய்விட்டது. மூலையில் கண்ணாடி மட்டும் அப்படியே, முழுசாக, இருந்தது. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். பழக்கதோஷத்தில் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

சாந்தில் இருந்த விரல் அடையாளம் அகலமாக இருந்தது.

தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பள்ளத்தில் பாதிகூட நிறையவில்லை. ரேகைகளுக்குக் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு ஓடியது. கல்யாணமான புதிதில் கண்ணாடி அறுக்கும்போது வீட்டுக்காரர் கையை அறுத்துக்கொள்ள, அவள்தான் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்ட விரல் அது. அவளுக்குத் தெரியாதா? கண்ணாடி வழியே விரிசலைப் பார்த்தாள். நகத்தால் பக்கத்துச் சாயத்தைச் சுரண்டினாள். முடியளவு இருந்த கோட்டுக்குள் இப்போது நகம் இறங்கியது.

அவள் நிமிர்வதற்குள் பாட்டுக் குழு மாடியேறி வந்துவிட்டது. வெள்ளை உடையில், ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசை கட்ட ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் மகள். கீழே கூட்டத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்காரர். மேலே பார்த்துக் கையசைத்தார்.

கத்தலாம் என்று வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். கத்தினால் ஓடுவார்கள். அத்தனை பேரும் தடதடவென்று ஒரே நேரத்தில் ஓடினால் அந்த மூலை தாங்காது.

"பாப்பாங்களா" என்றாள். "பாட்டு கீழதான். ஒவ்வொருத்தரா, சுவர் பக்கமாவே, மெதுவா வகுப்புக்குள்ள போங்க. குதிக்கக் கூடாது. குதிச்சா மார்க்கு போயிடும்."

மார்க்கு என்றதும் நடந்தார்கள். ஒருத்தி செருப்பு வார் அறுந்து நடுவில் குனிந்து நின்றாள். அவள் நிமிர்வதற்குள் ஸ்கேலம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மகள் மட்டும் அசையாமல் நின்றாள்.

"அம்மா, எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதீங்க."

"அப்புறமா என்னைத் திட்டு கண்ணு. இப்ப நட."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பெண் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனாள். கடைசிப் பெண் வகுப்பறை வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் கதவைச் சாத்தினாள். அதற்குள் பெரிய சார் மூச்சிரைக்கப் பின்பக்கப் படியேறி வகுப்பறைக்குள் வந்திருந்தார். மந்திரியின் கார் தெருமுனைக்கு வந்துவிட்டதாம்.

"என்னம்மா கூத்து இது?"

"கண்ணாடி உடைஞ்சுடுச்சு சார்."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "முழுசா இருக்கே!"

"அது வேற கண்ணாடி சார். யாரோ மாத்தியிருக்காங்க."

"யாரு?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் இலாகா முழுக்கச் சிரிக்கும். "என் வீட்டுக்காரர்" என்றாள்.

பெரிய சார் சிரிக்கத்தான் செய்தார். "காய்ச்சல் இன்னும் விடல போல. போய் வீட்ல படுங்க. பிள்ளைங்களை நான் நிக்க வைக்கிறேன்."

அவள் கதவைத் திறந்துவிட்டாள். "முதல்ல நீங்க அந்த மூலையில போய் நில்லுங்க சார். மந்திரி பேசி முடிக்கிற வரைக்கும் நின்னாப் போதும். பிள்ளைங்களை அப்புறம் நானே அனுப்பறேன்."

பெரிய சார் பால்கனியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் கால் அசையவில்லை.

பாட்டு முற்றத்தின் அந்தக் கோடியில், மரத்தடியில் நடந்தது. மந்திரி ரிப்பனை வாசலிலேயே வெட்டிவிட்டுப் போனார். வெயிலுக்காக இடத்தை மாற்றியதாக யாரோ அவரிடம் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து அவள் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவள் கேட்பதற்கு முன்பே முகத்தில் ஈயாடவில்லை.

"உடைஞ்சுதானே கிடந்தது?"

"ரெண்டா உடைஞ்சு கிடந்தது" என்றார். "ஏதோ பூனை மிதிச்சிருக்கும்னு நினைச்சேன். சாயம் பூசினவன் கால் பட்டிருக்கும்னு நினைச்சேன். நீ இருந்த நிலைமையில இதை வேற சொல்லணுமா? கடைக்கு வந்து புதுசா ஒண்ணு எடுத்துட்டுப் போய் ஒட்டினேன்."

"விரிசல் பெருசாகியிருக்கும்னு நினைக்கலியா?"

"நீ கட்டினது எப்படிம்மா விரியும்?"

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நம்ம பொண்ணு அங்க நிக்கப் போறான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார்.

அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆபீஸ்ல ஒருத்தனும் என்னை நம்பமாட்டான். அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். உங்க நம்பிக்கை என் பொண்ணைக் கொண்டுபோயிருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்ல நினைத்தாள், அழுகையாக வந்தது. "என்னை நம்பாதீங்க. நானும் மனுஷிதான், நானும் தப்பு பண்ணுவேன். நான் கட்டினதுக்குக் கீழ போறதுக்கு முன்னால நிமிர்ந்து பாருங்க. கேள்வி கேளுங்க."

"அது எனக்கு வராதும்மா" என்றார் அவர், குற்றவாளி மாதிரி.

மணல் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தபோது, பாதி ஏற்றுவதற்குள்ளேயே அந்த மூலை தொங்கிவிட்டது. உடைத்துப் பார்த்தார்கள். கம்பியெல்லாம் அடியில், மிதிபட்டுக் கிடந்தது. கணக்கு சரி, படம் சரி. விசாரணை வைத்தார்கள். கான்கிரீட் போடும்போது நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை. எங்கே போனாள், எதற்குப் போனாள், ஏன் பக்கத்தில் போக இடமில்லை, டீ குடிக்க ஏன் உட்கார்ந்தாள், அள்ளி எடுங்கள் என்று ஏன் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். விசாரித்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் இதை எழுதுவதா வேண்டாமா என்று விழித்தார். "எழுதுங்க" என்றாள்.

தண்டனையாக மறுபடி காம்பவுண்டு சுவருக்கு அனுப்பினார்கள். பிற்பாடு அவள் ஆஸ்பத்திரி கட்டினாள், சந்தை கட்டினாள், பஸ் நிலையம் கட்டினாள். பெண்கள் பலர் அந்த இலாகாவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. கான்கிரீட் போடும் அன்று அந்த அம்மாள் ஓர் இடத்தில் உட்காரவும் விடமாட்டாள், தானும் உட்காரமாட்டாள் என்பார்கள். வேலை இடத்தில் பெண்களுக்கு மறைப்புக் கட்டாமல் ஒரு செங்கல்லைக்கூட இறக்க விடமாட்டாள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்தப் பால்கனியைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. வேறு யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை. அதனால் காம்பவுண்டு சுவரிலிருந்து அவளையே கூப்பிட்டார்கள். அதே படம்தான், தூண் வைக்கவில்லை. அவள் கேட்காமலே மேஸ்திரி ஒரு தகர மறைப்புக் கட்டி வைத்திருந்தார். பலகையை எடுக்க இந்தத் தடவை யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மூட்டைகளை ஏற்றிப் பல நாள் விட்டு வைத்தார்கள். பால்கனி அசையாமல் நின்றது. அப்படியும் அவளுக்குப் பயம் விடவில்லை.

மூட்டைகளை இறக்கிய அன்று வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். முற்றத்தைத் தாண்டி வந்தவர் பால்கனிக்குக் கீழே அவள் நின்ற இடத்துக்கு வரவில்லை. வெயிலிலேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மூலைக்கு வந்ததும் ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது.

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னம்மா, உங்க வீட்டுக்காரரே நம்ப மாட்டேங்கறாரு?"

"ஆமா மேஸ்திரி, நம்பல" என்றாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாகத் தனியாகச் சுமந்ததை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"கம்பி மேலதானே இருக்கு?" என்று அங்கிருந்தே கத்தினார் அவர்.

"மேலதான் இருக்கு."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"கடைசி வரைக்கும் இங்கேயே நின்னியா?"

"நின்னேங்க. ஒரு இடமும் போகல."

அவர் இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, மனசே இல்லாமல், பால்கனிக்குக் கீழே வந்து அவள் பக்கத்தில் நின்றார்.